பேம்பர்ஸ் படம் பார்க்கிற மங்களம்

சாங்கி விமான நிலையச் சரக்குக் கிடங்கில் அடிபட்ட பெட்டிகளைப் பதினெட்டு வருஷம் படம் பிடித்தவள் மங்களம். முட்டி தேய்ந்ததும் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிக் குழுவில் உதவியாளராகச் சேர்ந்தாள். மார்சிலிங்கில் அவள் குடியிருக்கும் புளோக்கின் லிஃப்டில் யாராவது "இப்ப என்ன வேலை?" என்று கேட்டால், "பீ பார்க்கறேன்" என்பாள். கேட்டவர் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுவார்.

பொய்யில்லை. பித்தக்குழாய் அடைத்துப் பிறக்கும் குழந்தைக்கு மலத்தில் நிறம் ஏறாது. இரண்டு மாதத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் ஈரல் சீக்கிரமே கெட்டுவிடும். பெற்றோர் வீட்டில் எடுத்தனுப்பும் பேம்பர்ஸ் படத்தை வைத்தே அதை முன்கூட்டிப் பிடிக்க முடியுமா என்பதுதான் டாக்டர் ரக்ஷனாவின் ஆராய்ச்சி. வருகிற படங்களை நிற அட்டையோடு ஒப்பிடுவது மங்களத்தின் பாடு.

செம்பவாங்கில் குடியிருக்கும் கதிரேசனுக்கு யாமினி தலைப்பிள்ளை. ஒரு நாளைக்கு ஒரு படம் கேட்டால் ஆறு அனுப்புவான். "அக்கா, இது கொஞ்சம் தண்ணி" என்று விளக்கவுரை வேறு. ஒருமுறை கைதவறி வேலையிட வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டான். பார்க்காமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாராம் மேலாளர்.

யாமினி பிறந்த இருபத்தாறாம் நாள், தேக்கா கடைத்தொகுதியில் மங்களம் தோசைக்குத் தேங்காய்ச் சட்னி ஊற்றும்போது படம் வந்தது. தட்டில் இருந்ததும் படத்தில் இருந்ததும் ஒரே நிறம். உடனே போன் போட்டாள்.

"தம்பி, பிள்ளையைத் தூக்கிட்டு ஜன்னல்கிட்ட வாங்க. கண்ணு எப்படி இருக்கு?"

"கொஞ்சம் மஞ்சள்தான் அக்கா. எல்லாப் பிள்ளைக்கும் வரும்லா, வெயில் காட்டுங்கன்னாங்க."

"யாரு?"

"எல்லாருந்தான்."

"எல்லாரும் டாக்டருக்குப் படிச்சிருக்காங்களா? மூத்திரம் என்ன கலர்?"

"டீ மாதிரி."

"பாலோட நாட்டு மருந்து எதுவும் சேர்க்காதீங்க, வெயிலும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"நாளைக்கு எனக்கு லீவு, அப்ப..."

"இப்ப கிளம்பலன்னா உங்க புளோக் வாசல்ல வந்து கத்துவேன். பீயைப் பத்தித்தான் கத்துவேன்!"

எதிரில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்.

ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்து முடித்த டாக்டர் ரக்ஷனா, கதிரேசனையும் அவன் மனைவி திவ்யதர்ஷினியையும் உட்காரவைத்தார். மங்களமும் பக்கத்தில் இருந்தாள். "சந்தேகம் வலுவா இருக்கு. திறந்து பார்த்து, அடைப்புதான்னா அப்பவே கசாய் ஆபரேஷன் பண்ணிடணும்."

"கசாயா?" திவ்யதர்ஷினி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "என் பிள்ளை என்ன கசாய்க்கடை ஆடா?"

"அது ஜப்பான் டாக்டரோட பேரும்மா" என்றாள் மங்களம். "பாவம், தமிழ்ல எப்படிக் கேக்கும்னு அவருக்குத் தெரியுமா?"

அந்தப் பெண் பாதி அழுகையில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு மொத்தமும் அழுகையாகிவிட்டது. மங்களம் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

முப்பத்துநான்காம் நாள் திறந்து பார்த்தார்கள். அடைப்பேதான். கெட்ட குழாயை எடுத்துவிட்டுக் குடலை நேராக ஈரலோடு தைத்தார்கள். பித்தம் இறங்குமா என்பது இனி பேம்பர்ஸைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு வாரம் எல்லாம் வெளுப்பாகவே வந்தது. ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள் மங்களம் எம்ஆர்டி ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு படம், கீழே ஒரே வார்த்தை: "பச்சை!"

"பச்சை!" என்று மங்களமும் கத்திவிட்டாள். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

டாக்டர் மட்டும் துள்ளவில்லை. "நல்ல அறிகுறி. ஆனா பின்னாடி ஈரல் மாத்த வேண்டி வந்தாலும் வரலாம்" என்று ஒளிக்காமல் சொன்னார். கதிரேசன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

யாமினிக்கு இப்போது பதினான்கு மாதம். கண்ணில் மஞ்சள் இல்லை, நாலு பல் முளைத்திருக்கிறது. பார்க்கப் போன மங்களத்தின் விரலைக் கடித்துவிட்டு தானே முதலில் அழுதாள். அடுத்த ரத்தப் பரிசோதனை ஜூனில். கதிரேசன் இந்த முறை முன்னாலேயே லீவு எழுதிக் கொடுத்துவிட்டான்.