மூணு டக்

மினிவேனில் இன்ஜின் விளக்கு எரிந்தால் அவள் வீட்டுக்காரர் மேல் எரிந்து விழுவாள். மூன்று வருஷமாக இதே கதை. பெட்ரோல் ஆவி கசிகிறது, டேங்க் மூடியைச் சரியாக மூடாமல் இருக்கும் என்று யாரோ ஒரு மெக்கானிக் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான். அவளுக்கு அது போதாதா?

"ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லித் தர்றீங்க, ஒரு மூடியை மூடத் துப்பில்லை. டக், டக், டக்னு மூணு சத்தம் வரணும். வாய்விட்டு எண்ணுங்க, எனக்குக் கேக்கணும்."

வாத்தியாரும் பங்க்கில் நாலு பேர் பார்க்க, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மூடினார். பங்க் ஆட்கள் அவருக்கு 'டக் வாத்தியார்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். விளக்கு மட்டும் திரும்பத் திரும்ப எரிந்தது. வண்டிக்குள் பெட்ரோல் நாற்றமும் போகவில்லை.

"கையைக் கழுவாம புள்ளையைத் தொடாதீங்க."

இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பார். "வாசனை வரலையேடி."

"உங்க மூக்கு உங்களுக்குத்தானே வக்காலத்து வாங்கும்!"

நாலு மாசத்துக்கு முன்னால், வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

இப்போது வண்டி அவள் கையில். பழைய பங்க் பக்கம் போக மனசில்லாமல் வேறு பங்க்கில் பெட்ரோல் போட்டாள். மூடியைத் தானே மூடினாள். மூன்று டக்கும் காதாரக் கேட்டாள். நாலாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. நேரே ஒரு பட்டறைக்கு ஓட்டினாள்.

புது மெக்கானிக், கசிவைக் கண்டுபிடிக்க டேங்க்குக்குள் குழாய் வழியாகப் புகையை விட்டான். மூடிப் பக்கம் ஒரு இழைகூட வரவில்லை. பின் சக்கரத்துக்கு மேலிருந்து மெல்லப் புகைந்தது.

"இங்க பாருங்கக்கா, ரப்பர் குழாய் வெடிச்சிருக்கு."

"எத்தனை நாளாப்பா?"

"பழைய வெடிப்புக்கா. மூணு வருஷமாச்சும் இருக்கும்."

"அப்போ மூடி?"

"மூடிக்கு என்ன? புத்தம் புதுசு. வண்டி பேப்பர் எடுக்கையில பாத்தேன், முன்னாடி டப்பாவுல இன்னும் மூணு கெடக்கு. சார் மூடிக் கடை வைக்கப் போறாரா?" என்று சிரித்தான்.

அவள் டப்பாவைத் திறந்தாள். காகிதத்தில் சுற்றி, அவள் கண்ணில் படாமல் உள்ளே தள்ளி வைத்த மூன்று பழைய மூடிகள். அவள் திட்டத் திட்ட, தன் மேல்தான் தப்பு என்று நம்பி மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார் மனுஷர்.

குழாய் மாற்றியதும் விளக்கு அணைந்தது. பள்ளிக்கூட வாசலில் ஏறிய மகள், "அம்மா, நாத்தமே இல்லைம்மா!" என்றாள். அவளும் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

வழியில் பழைய பங்க்குக்குள் வண்டியைத் திருப்பினாள். பெட்ரோல் போட்டதும் மூடியை அவளே வாங்கி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணி மூடினாள்.

"டக் வாத்தியார் வீட்டம்மாவா? சாரை ஆளையே காணோமே?" என்றான் பங்க்காரன்.

"கை கழுவப் போயிருக்கார்" என்றாள்.