எட்டு மணங்கு வெல்லம்

திருத்தணி ரயில் நிலையத்தில் நான் பார்சல் குமாஸ்தாவாக இருந்தபோது என் ஆபீஸ் தராசில் ஏறாத பொருள் கிடையாது. வெற்றிலைக் கட்டு, பள்ளிப்பட்டுச் சேலை மூட்டை, கூடையோடு கோழி என்று எல்லாம் ஏறியிருக்கின்றன. அத்தனையிலும் கனமானது நான்தான். ரயில்வே எடையை ஊர்க் கணக்கில், எட்டு வீசை ஒரு மணங்கு என்று மாற்றினால், நான் சரியாக எட்டு மணங்கு. ஓர் அரிசி மூட்டையை வைத்து, அதன்மேல் ஒரு பிள்ளையையும் உட்கார வைத்தால் அதுதான் நான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இருந்ததில்லை. அந்தக் காலத்தில் தொந்தி வைத்தவனைப் பார்த்தால் சர்க்கார் சம்பளம் ஒழுங்காக வருகிறது என்று ஜனங்கள் மரியாதை கொடுப்பார்கள்.

வெட்கம் வந்தது ஒரு வேண்டுதலால்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது என் மனைவிக்கு டைபாய்டு ஜுரம் கண்டது. அவள் என் மாமன் மகள். பாவாடை கட்டிய நாளிலிருந்து, எங்கள் பக்கத்தில் அத்தானைக் கூப்பிடுகிறபடி, என்னைப் பாவா என்று கூப்பிட்டவள். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் என்னை யாரென்று தெரியாமல் பார்த்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெருவுக்கு ஓடிவந்து மலையைப் பார்த்துக் கத்தினேன். “முருகா, இவ பொழைச்சா என் எடைக்கு எடை வெல்லம் தரேன்!”

பிழைத்துவிட்டாள். எழுந்து உட்கார்ந்தபோது அவள் எடை மூன்றரை மணங்கு கூட இருக்காது. துலாபாரம் வேண்டிக்கொள்கிறவர்கள் பிழைக்க வேண்டியவரின் எடைக்குத்தான் வேண்டிக்கொள்வார்கள். நான் பதற்றத்தில் என் எடையைச் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

“அவ எடைக்குன்னு சொல்ல நாக்கு வரலியாய்யா ஒனக்கு?” என்று மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார். வெல்லம் கடையில் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த நாட்கள் அவை. எட்டு மணங்குக்கு எங்கே போவது?

வெல்லம் கிடைத்தாலும் அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. துலாபாரத் தராசு மலைமேல் இருக்கிறது. அதில் உட்கார வேண்டியவன் நான். நடுவில் முந்நூற்றறுபத்தைந்து படிகள். முப்பதாவது படியிலேயே எனக்கு மூச்சு முட்டும். சரி, எப்படியாவது ஒருமுறை போய்க் கும்பிட்டுவிட்டு, வெல்லத்துக்குத் தவணை கேட்டு வரலாம் என்று டோலி பேசினேன். நாலு பேர் தூக்கினார்கள். முதல் மண்டபம் வந்ததும் மெதுவாக இறக்கி வைத்தார்கள்.

“கோச்சுக்காதீங்க சாமி. இதுக்கு மேல எங்களால ஆவாது” என்றார் மூத்தவர். பேசிய கூலியும் வேண்டாமாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அங்கிருந்து நான் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாளே டாக்டரிடம் போனேன். பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். நாடி பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், பிறகு என் தொந்தியை ஒரு விரலால் குத்தினார்.

“சோறு எவ்ளோ துன்ற?”

“மூணு வேளை.”

“வெல்லம்?”

காபியிலிருந்து பணியாரம் வரைக்கும் மாதம் ஒரு வீசைக்குக் குறையாமல் தின்றுகொண்டிருந்தேன்.

“சோத்த வுடு. இட்லி, களி, கெழங்கு, வாழப்பழம், வெல்லம், எல்லாத்தையும் வுடு. கறி துன்னு. முட்டை துன்னு. மீனு, கீர, கத்திரிக்கா, வெண்ண, தயிரு. வயிறு நெறைய துன்னு. பட்டினி கெடக்காத.” வெள்ளைக்காரர்கள் அந்த நாளிலேயே இப்படிச் சாப்பிட்டு இளைத்திருக்கிறார்கள் என்று ஏதோ பழைய புஸ்தகத்தைக் காட்டினார். எனக்கு அதில் படம்தான் புரிந்தது.

சோறில்லாமல் சாப்பாடா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் கேட்டேன். முதல் வாரம் நரகம். தலை வலித்தது, கால் துவண்டது, பார்சல் அனுப்ப வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். இலையில் முட்டையும் கீரையும் இருக்கும். கை மட்டும் பழக்கத்தில் சோற்றைத் தேடும். பக்கத்து வீட்டில் சோறு வடிக்கும் வாசனை வந்தால் கண்ணில் தண்ணீர் வரும். டாக்டர் உப்புப் போட்ட மோர் குடிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு தலைவலி விட்டது. மூன்றாவது வாரத்தில் ஓர் அதிசயம், எனக்குப் பசிக்கவில்லை. பதினோரு மணிக்கு வயிறு மணி அடிப்பது நின்றுபோனது. கிருத்திகையன்று மட்டும் கறி கிடையாது. அன்றைக்குத் தயிரும் தேங்காயும் வறுத்த வேர்க்கடலையும் கொஞ்சம் நெய்க் கத்திரிக்காயும்.

என் பங்கு ரேஷன் அரிசியை மனைவி சாப்பிட்டாள். சாப்பிட வேண்டியவள்தான். ஜுரத்தில் ஒட்டிப்போன கன்னம் மெல்ல மெல்ல மேடு கட்டியது. நான் வாராவாரம் ஆபீஸ் தராசில் ஏறினேன். முள் இறங்கிக்கொண்டே வந்தது. வேட்டி இடுப்பில் நிற்காமல் போனபோது தனியாக நின்று சிரித்தேன்.

ஊர் சிரிக்கவில்லை. ஆள் இளைத்தால் க்ஷய ரோகம் என்பதுதான் அன்றைய ஞானம். ஸ்டேஷன் மாஸ்டர் என் டம்ளரைத் தனியாக வைக்கச் சொன்னார். அதையாவது பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் என் மனைவி குழாயடியிலிருந்து காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள்.

“இன்னாச்சு?”

“ரேஷன் அரிசிய நானே துன்னுட்டு, உங்கள எலும்பாக்குறேன்னு சொல்லிகினு இருக்காங்க பாவா” என்று சொல்லிவிட்டு அழுதாள். சாவிலிருந்து மீண்டு வந்தவள். அவள் உடம்பில் ஒட்டிய சதை அவர்கள் கண்ணை உறுத்தியிருக்கிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. குழாயடிக்குப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். அவள்தான் தடுத்தாள்.

“மலை ஏறிக் காட்டுங்க, போதும்” என்றாள்.

பதினாறு மாதம் ஆயிற்று. தராசு ஆறு மணங்கு காட்டியது. பள்ளிப்பட்டில் கரும்பு ஆட்டும் சொந்தக்காரர் ஒருவர் சிறுகச் சிறுகச் சேர்த்து ஆறு மணங்கு வெல்லம் கொடுத்தார். அதற்கு மேல் முடியாது என்று கைவிரித்துவிட்டார். எனக்கு அதில் உள்ளூர சந்தோஷம்தான். எட்டு எட்டாகவே இருந்திருந்தால் என் கதி என்ன? விஷயம் தெரிந்ததும் ஸ்டேஷனில், “சாமிகிட்டயே மிச்சம் புடிச்சிட்டாருடா” என்று ஒரு போர்ட்டர் சொன்னான். நான் சிரித்துக்கொண்டே மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஆங் என்று மட்டும் சொன்னாள்.

தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினேன். முப்பது தாண்டியது. டோலி இறக்கிய மண்டபம் வந்தது; அதே மூத்தவர் அங்கே பீடி குடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. “டோலி வாணுமா சாமி?” என்றார். வேண்டாம் என்று சொன்னபோது எனக்குள் பொங்கியதை எப்படி எழுதுவது! அந்த ஒரு வார்த்தைக்காகப் பதினாறு மாதம் வெல்லம் இல்லாமல் இருக்கலாம். எங்கும் உட்காராமல் மேலே போய்ச் சேர்ந்தேன். குழாயடிப் பெண்கள் இரண்டு பேர் என் பின்னால் இரைக்க இரைக்க வந்தார்கள்.

நான் தராசில் உட்கார்ந்தேன். எதிர்த்தட்டில் ஆறு மணங்கு வெல்லத்தையும் அடுக்கினார்கள். முள் நேராக நின்றது. கோயில்காரர் மணி அடிக்கக் கை தூக்கினார்.

“இருங்க” என்றாள் என் மனைவி. அவளுக்குப் பின்னால் கூலியாள் இரண்டு கூடைகளை இறக்கினான். துணியை விலக்கினாள். உள்ளே வெல்லம். சில அச்சுகள் பழசாகிக் கறுத்திருந்தன.

“ஏது இது?” என்றேன் தட்டில் இருந்தபடியே.

“உங்க பங்கு பாவா. மாசா மாசம் ஒரு வீச. நீங்க துன்னாம வுட்டது. நான் வாங்கி பானையில போட்டு வச்சேன்.” பிறகு கோயில்காரரிடம் திரும்பினாள். “வேண்டிக்கினப்ப இவரு எட்டு மணங்குங்க. அன்னைக்கி சொன்னது அன்னைக்கி இருந்த ஒடம்புக்கு.”

அவளே ஒவ்வொரு அச்சாக எடுத்து வைத்தாள். வைக்க வைக்க என் தட்டு உயர்ந்தது. கால் தரையை விட்டது. கூட்டம் சிரித்தது, இந்தத் தடவை நானும் சேர்ந்து சிரித்தேன்.

“ரெண்டு மணங்கு ஜாஸ்தியாயிடுச்சும்மா, எடுத்துடட்டுமா?” என்றார் கோயில்காரர்.

“வாணாங்க. அப்பிடியே இருக்கட்டும்” என்றாள் அவள். குழாயடிப் பெண்கள் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாள்.

மணி அடித்தது. இறக்கிவிடட்டுமா என்று என்னைக் கேட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, அந்தரத்தில் உட்கார்ந்தபடியே காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.