பதிவேட்டில் இல்லாத ஊருணியாள்

இது கட்டிவிட்ட கதை இல்லை. வெள்ளைச்சாமி வாத்தியார் தன் வயதில் இரண்டைக் குறைத்துச் சொல்வார். அடித்த முயலில் இரண்டைக் கூட்டிச் சொல்வார். ஆனால் இந்த ஒரு விஷயத்தை எத்தனை முறை கேட்டாலும் தேதி மாறாது, மணி மாறாது. நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும் என்றில்லை. நடந்தது நடந்ததுதான்.

1957 ஜூன். குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே இரண்டு மைல் தள்ளி நெட்டுக்கரைப்பட்டி. அங்கே ஓராசிரியர் பள்ளி, இருபத்தாறு பிள்ளைகள். முதல் நாளே வாத்தியாருக்குத் தலை சுற்றியது. "ஊருணியாள்" என்று கூப்பிட்டால் ஏழு பெண்பிள்ளைகள் சேர்ந்து எழுந்து நின்றார்கள். பிறந்த திருக்கோகர்ணத்திலும் சரி, படித்த புதுக்கோட்டையிலும் சரி, அப்படி ஒரு பெயரை அவர் கேட்டதே இல்லை. இங்கே ஊரே குத்தகைக்கு எடுத்ததுபோல வீட்டுக்கு ஒன்று. ஒருத்தி சிலேட்டை உடைத்தால் ஏழு பேரையும் விசாரிக்க வேண்டியிருந்தது.

ஜூலையில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தாக்கீது வந்தது. பிள்ளைக்குப் பிறந்த தேதியை வாத்தியாரே போட்டுக்கொள்வதும், பிடிக்காத பெயரை மாற்றி எழுதுவதும் அந்தக் காலத்தில் வழக்கம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புது வருகைப் பதிவேடு எழுதினார். ஏழு ஊருணியாள்களும் சரோஜா, ராஜேஸ்வரி, அமிர்தவல்லி என்று ஆளுக்கொரு பெயராக மாறினார்கள். தன் கையெழுத்தைத் தானே இரண்டு முறை பார்த்து ரசித்துக்கொண்டார். புதுப் பெயர்களை வீடுகளுக்குச் சொல்லி அனுப்பினார்.

மகளுக்கு இனிமேல் சரோஜா என்று பெயர் எனக் கேள்விப்பட்டு, அன்று சாயங்காலமே மூக்காயி வந்துவிட்டாள்.

"ஊருணியாள்ங்கிற பேரை எடுத்துறாதீங்க வாத்தியாரய்யா."

"ஏம்மா, ஊருக்கு வேற பேரே கெடைக்கலையா?"

மூக்காயி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "தாது வருசப் பஞ்சத்துல யாரோ பரதேசிப் புள்ளை ஒண்ணு இங்கிட்டு வந்துச்சாம். ஏழெட்டு வயசு. வீடு வீடாப் போயி எடம் கேட்டுச்சாம். ஒரு வீட்டுலயும் சேக்கல. மறுநா உச்சிப்பொழுதுல ஊருணியில மெதந்துச்சு. பேருகூட யாருக்கும் தெரியாது. அதுக்கப்புறந்தான் வீட்டுக்கொரு பொண்ணுக்கு இந்தப் பேரு. பேரு இருக்குற வீட்டுல அதுக்கும் எடம் இருக்குன்னு அர்த்தம்."

"பேரை எடுத்துட்டா?"

"எடம் இல்லாட்டி அது எங்கிட்டாவது போகணுமுல்ல."

வாத்தியார் சிரித்து அனுப்பிவிட்டார். வீட்டில் மனைவி செவந்தி நிறைமாதம். தலைப்பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டது. பிரசவத்துக்குப் போக அவளுக்குத் தாய்வீடு என்றும் ஒன்று இல்லை. இந்தப் பிள்ளையாவது தங்கவேண்டும் என்று இருவரும் வேண்டாத சாமி கிடையாது. அவளிடம் போய் இதையெல்லாம் சொல்லுவானேன் என்று வாயை மூடிக்கொண்டார். அவர் செய்த பெரிய தப்பு அதுதான்.

ஜூலை 8, திங்கட்கிழமை. காலை 9.40.

புதுப் பதிவேட்டைப் பிரித்து இருபத்தாறு பெயரையும் வாசித்தார். எல்லோரும் வந்திருந்தார்கள். பதிவேட்டை மூடினார்.

"உள்ளேன் ஐயா..."

இருபத்தேழாவது குரல். சின்னப் பெண்ணின் குரல். நாலு நாள் சாப்பிடாத மாதிரி மெலிந்த குரல்.

"யாரு அது?"

மூக்காயியின் மகள் எழுந்தாள். "நாங்க இல்லீங்கய்யா. அது பேரை நீங்க கூப்பிடலையில்ல... அதான் அதுவே சொல்லுது."

செவ்வாய், 9.41. மறுபடியும் கேட்டது. இப்போது வாசலுக்கு வெளியிலிருந்து...

புதன், 9.41. தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. அங்கே ஒரே ஒரு வீடுதான் இருந்தது. வாத்தியார் குடியிருந்த வீடு.

வியாழன். குரலே வரவில்லை. பிள்ளைகள் எல்லோரும் திரும்பி அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பகல் 12.10. சாப்பிடப் போனார். செவந்தி சோறு போட்டாள்.

"பள்ளிக்கூடத்துப் புள்ளையை எதுக்கு அனுப்புனீங்க?"

"நா யாரையும் அனுப்பலையே."

"ஒரு பொண்ணு வந்துச்சு. வாசல்ல நின்னுக்கிட்டு, எடம் இருக்கான்னு கேட்டுச்சு."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"நீ... என்ன சொன்னே?"

"பாக்கப் பாவமா இருந்துச்சு. எடத்துக்கு என்ன, உள்ள வான்னேன்."

"வந்துச்சா?"

"வந்துச்சு. வெளிய போனதைத்தான் நான் பாக்கல."

கை கழுவவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்.

12.25. புதுப் பெயர்களை அடித்தார். ஊருணியாள்... ஊருணியாள்... ஏழு முறை எழுதினார்.

வெள்ளி, 9.40. ஏழு ஊருணியாள்களையும் கூப்பிட்டார். ஏழு பேரும் உள்ளேன் என்றார்கள். காத்திருந்தார்.

எட்டாவது குரல் வரவில்லை.

போய்விட்டது என்று நினைத்தார். பாவம், அப்படித்தான் நினைத்தார்.

சனிக்கிழமை செவந்திக்கு வலி கண்டது. வண்டி கட்டிப் போய், பஸ் பிடித்து, இருவரும் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஞாயிறு பகல் 12.05க்குப் பெண் குழந்தை. கணீரென்று அழுதது. வாத்தியாரும் வெட்கப்படாமல் அழுதார்.

நர்ஸ் அடைக்கலமேரி தொட்டிலில் பெயர்ச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊருணியாள்னு எழுதிட்டேன் சார். புதுப் பேரா இருக்கே, உங்க குலசாமியா?"

"யாரு... யாரு சொன்னது?"

"உங்க மூத்த பொண்ணுதான். தலையெல்லாம் ஈரமா நின்னுச்சு. பேரைச் சொல்லுச்சு. நீ எங்க தங்கியிருக்கே பாப்பான்னு கேட்டேன். தொட்டிலைக் காட்டுச்சு."

தொட்டிலருகே யாரும் இல்லை.

குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது.

ஜூலை 24. வாத்தியார் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திரும்பினார். வாசலில் ஏழு தாய்மார்கள், ஏழு மகள்களோடு நின்றார்கள். மூக்காயிதான் பேசினாள்.

"நீங்க மொதல்ல எழுதுன பேரையே எழுதிருங்க வாத்தியாரய்யா. சரோஜா நல்ல பேருதான்."

"அன்னைக்கு வேண்டாம்னு சொன்னியேம்மா."

"எம்பது வருசமா அதுக்குப் பேரைத்தான் குடுத்தோம். உள்ள வான்னு ஒருத்தரும் சொன்னதில்ல. ஒங்க வீட்டம்மா சொல்லிட்டாங்க..." மூக்காயி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்பல்லாம் அது எங்க வீட்டுப் பக்கம் வாரதில்லைங்க."

அவர் எழுதிக் கொடுத்தார். 1966இல் மாற்றலாகிப் போகும்வரை அந்த ஊரில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் ஊருணியாள் என்று பெயர் வைக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வாத்தியாரின் மகள் பெயர்.