தாய்மாமனின் குடி

பார்வை நரம்பு செத்தால் செத்ததுதான். இந்த ஒரு வரியைச் சுற்றி வளைத்துச் சொல்லத்தான் இத்தனை வருடம் படித்தேனோ என்று எனக்குச் சில நாட்களில் தோன்றும். கண் டாக்டர்கள் லென்ஸ் மாற்றுகிறார்கள், கட்டுப் பிரித்ததும் நோயாளி பேரனைப் பார்த்துச் சிரிக்கிறார், ஸ்வீட் டப்பா வருகிறது. என் அறைக்கு ஸ்வீட் டப்பா வருவதில்லை. நான் நரம்பியல் டாக்டர். கண்ணிலிருந்து மூளை வரை போகும் நரம்பைப் பார்ப்பது என் வேலை. கண் நன்றாகத்தான் இருக்கிறது, பார்வைதான் இல்லை என்று மற்றவர்கள் கைவிரித்த பிறகு என்னிடம் வருவார்கள். நானும் கைவிரிப்பேன், கொஞ்சம் விளக்கமாக.

என் ஆராய்ச்சி முழுவதும் ஒரே நோயைப் பற்றியது. தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும்; ஆனால் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத்தான் தாக்கும், அதுவும் வாலிப வயதில். முதலில் ஒரு கண், வலி இல்லாமல். சில வாரமோ சில மாதமோ கழித்து இன்னொன்று. பெண்களில் பலர் தப்பித்துக்கொண்டு, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இதைப் பற்றிக் கட்டுரை எழுதி எழுதித்தான் பேராசிரியர் ஆனேன். ஒரு மாத்திரைப் பரிசோதனையில் எங்கள் துறையும் சேர்ந்தது. கடைசியில் மருந்து சாப்பிட்டவர்களுக்கும் மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதையும் கட்டுரையாக எழுதினோம். மாநாட்டில் கைதட்டினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பையன் வந்தான். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சின்னச் சின்னக் கம்பிகளைப் பற்றவைக்கும் வேலை. ஒருநாள் இடது கண்ணை மூடியபோது வலது கண்ணில் எதுவும் சரியாகத் தெரியவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறான். கூட அவன் அம்மா. அப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்துக் காலமானவர். அரக்கோணம் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து குடியேறிய குடும்பம். டாக்டர் தமிழ் என்று தெரிந்ததும் அந்த அம்மாளுக்கு உயிர் வந்தது. அவர் தமிழில் கேட்பதற்கெல்லாம் மகன் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரு தங்கை, வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நோயில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி தாய்மாமனைப் பற்றியது. உங்கள் கூடப்பிறந்த ஆண்கள் யாருக்காவது சின்ன வயதிலேயே பார்வை போனதா என்று அம்மாவைக் கேட்டேன். அவர் முகம் சுருங்கியது.

"அவன் பேச்சே வேணாம் டாக்டரம்மா. எங்கண்ணன் குடிச்சி குடிச்சே கண்ண அவிச்சிக்கினான். சாவுக்குக்கூட நான் போவல."

குடியால் கெட்ட நரம்பும் இந்த நோயில் கெட்ட நரம்பும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். பெரிய டாக்டர்களே ஏமாந்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு நான் பயந்தபடியே வந்தது. அம்மாவிடமிருந்து வந்தது என்பதை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். மெதுவாகச் சொன்னால் மட்டும் என்ன, இடி இடிதான். என் கண்ணை எடுத்து வையுங்கள் என்றார். எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். கண்ணை மாற்றி வைத்தாலும் அதை மூளையோடு இணைக்க இன்றுவரை வழியில்லை என்றேன்.

மற்றக் கண்ணும் போகிறதா என்று காத்திருந்தோம். வைத்தியம் என்று நான் செய்தது அந்தக் காத்திருப்பைத்தான். விட்டமின் எழுதிக் கொடுத்தேன், வெறுங்கையோடு அனுப்ப வெட்கமாக இருந்ததால். மழைக்காலம் முடியும்போது அவன் என் எதிரே உட்கார்ந்து சிரித்தான்.

"மேடம், உங்க ரெண்டு காதும் தெரியுது. நடுவுல ஆளக் காணோம்."

மிஞ்சியது ஓரப் பார்வைதான். அதை வைத்துக்கொண்டு நடக்கலாம், சுவரில் இடித்துக்கொள்ளாமல் இருக்கலாம். பஸ் வருவது தெரியும், நம்பர் தெரியாது. அதையாவது காப்பாற்றிக்கொள்ள அவனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சிகரெட் நக்கோ, குடி நக்கோ என்று, வேண்டாம் என்பதை அவன் பேசும் ஹிந்தியிலேயே சொன்னேன். அது இருக்கிற நரம்பையும் தின்றுவிடும். டீயையே பாதிதான் குடிப்பேன் மேடம், கவலைப்படாதீங்க என்றான்.

அதற்குப் பிறகு ஒருநாள் அவன் அம்மா தனியாக வந்தார். தங்கைக்கு நல்ல இடம் அமைந்திருக்கிறதாம். மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கிறார்களாம்.

"யாரனா வந்து கேட்டா, குடிச்சி கெட்டதுன்னு சொல்லிடுங்கம்மா. குடிகாரன் தங்கச்சியக் கட்டுவாங்க. குருட்டு வம்சத்துப் பொண்ண யாரு கட்டுவா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு சொட்டுக்கூடத் தொடாத பிள்ளைமேல் இப்படிப் பழி போட எப்படி மனசு வருகிறது என்று கத்தினேன். யோசனையே அவனுடையதுதான் என்றார். நோயாளியைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன், பொய்யும் சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கட்டாயம் உண்மை தெரிய வேண்டும், அவளும் இந்த நோயைச் சுமப்பவள்தான், அழைத்து வாருங்கள் என்றேன். கல்யாணம் ஆகட்டும், நானே சொல்கிறேன் என்றார். சொல்ல மாட்டார் என்று இருவருக்குமே தெரியும். ஆத்திரத்தில் வாய் தவறி ஒன்று கேட்டுவிட்டேன்: உங்கள் அண்ணன் குடித்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?

அவர் புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்தார்.

"எங்கப்பாதான் சொன்னாரு. நான் பாத்ததில்ல." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த வருசந்தான் எனக்குக் கல்யாணம்."

குடி குடியைக் கெடுக்கும் என்பார்கள். இந்தக் குடும்பத்தில் அது ஒரு கல்யாணத்தை நடத்தி வைத்திருந்தது, இப்போது இன்னொன்றையும் நடத்தப் போகிறது. அழுது முடித்து மனசு மாறுவார் என்று எதிர்பார்த்தேன். அழுதார், முகத்தைத் துடைத்துக்கொண்டார், கல்யாணத்துக்கு நீங்கள் கட்டாயம் வரணும் என்று சொல்லிவிட்டுப் போனார். என் கட்டுரைகள் எல்லாம் அலமாரியில் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அந்த அம்மாளுக்கு உதவாது. அன்று எனக்கு என் படிப்பின் மேலேயே வெறுப்பு வந்தது.

போயிருக்க வேண்டாம், போனேன். போவன்பள்ளியில் ஒரு ஃபங்ஷன் ஹால், காலை முகூர்த்தம். மாப்பிள்ளையின் சித்தப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தங்கமான குடும்பம், இந்தப் பையன் ஒருத்தன்தான் குடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டான், நீங்கள்தானே வைத்தியம் என்றார். நோயாளிகளைப் பற்றி நான் பேசுவதில்லை என்றேன். புரியுது புரியுது என்று தலையாட்டினார். என் மௌனத்தையும் சேர்த்து வைத்து அவர்கள் ஒரு கதை கட்டியிருந்தார்கள்.

அவர் எழுந்து போனதும் அவன் வந்தான். வரிசையாக நாற்காலி முதுகுகளைத் தொட்டுத் தொட்டு வந்தான். கூட்டம் அதிகம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான் கூப்பிட்ட குரலைக் கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். மல்லிகையும் சாம்பார் மணமும் மீறி அந்த வாடை என் மூக்கில் ஏறியது. குடித்திருக்கிறாயா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஹவ் மேடம், குடிச்சிருக்கேன். வாசன வந்தாத்தான நம்புவாங்க."

இன்று மட்டும்தானே என்றேன். அப்படித்தான் என்று சொல்லிவிடமாட்டானா என்று இருந்தது.

"ஒரு நாள் குடிச்சா யாரு நம்புவா? நிச்சயதார்த்தத்துலேந்தே குடிக்கிறேன்."

கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் எழுந்தார்கள். அவனும் எழுந்து, கையில் இறுக்கிப் பிடித்திருந்த அட்சதையோடு என் பக்கம் குனிந்தான்.

"மேடை எந்தப் பக்கம் மேடம்?"

தோளைப் பிடித்துத் திருப்பி விட்டேன்.