சூடானா தண்ணி அடி

வெயிலை வைத்துப் பிழைக்கிற வேலையில் முதல் விதி, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். சோலார் பேனல் கழுவிக் கை காய்த்தவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: கொதிக்கிற கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல்தான்.

லால்குடி பக்கம் ஒரு ஆலை தன் நிலக்கரி மின்நிலையத்தை மூடிவிட்டது. கரி கொட்டிக்கிடந்த இடமெல்லாம் இப்போது பேனல். பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்று நான் இங்கே சேர்ந்தேன். கழுவுகிற குழுவுக்கு லீடர். அதே இடத்தில் கரிக்குவியலுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அப்பாவையும் ஒரு மாதம் சோதனைக்கு எடுத்தார்கள். தேறாவிட்டால் வீடு. அவர் வயதுக்கு வேறு எவன் வேலை தருவான்?

மேடம்

வீட்டில் ஃபேனைக் கூட்டிவைக்கக்கூட எனக்கு உரிமை கிடையாது. இங்கே அப்பாவுக்கு நான் பாடம் எடுக்க வேண்டும். "மேலேயிருந்து கீழே இழுங்கப்பா. அழுத்தாதீங்க. வெயில் ஏறிட்டா ஹோஸைத் தொடவே கூடாது" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "மூச்சு விடலாங்களா மேடம்?"

வேலிக்கு அந்தப் பக்கம்

பேனலை ஒட்டி, எரிந்த கரியின் சாம்பலைக் கொட்டிவைத்த ஆலையின் பழைய சாம்பல் குளம். நிலையம் ஓடியவரை சாம்பல் பறக்காமல் அதை ஈரமாக வைத்திருந்தார்கள்; மூடியபின் கேட்பாரில்லை. ஒரு மத்தியானம் காற்று கிளம்பி, பேனலெல்லாம் சாம்பல். வேலிக்கு அந்தப் பக்கம் நெல் போட்டிருக்கும் ராஜேந்திரன் மாமா அப்பாவைப் பார்த்துக் கத்தினார்: "என்ன சேகரு, என் நாத்துல விழுந்தப்பதான் சும்மா நின்ன. உன் பொண்ணு கண்ணாடியில விழுறப்பவும் நிக்கிறியே?"

டக்

அப்பா நிற்கவில்லை. கரி தானாகவே தீப்பிடிக்கும். சூடும் தூசியும் கண்டால் ஹோஸோடு ஓடியே பழகிய உடம்பு. நான் கத்திக்கொண்டு ஓடிவருவதற்குள் பேனலில் தண்ணீர் பாய்ந்து 'டக்'. ஒரு பேனல் மூலைக்கு மூலை விரிந்துவிட்டது.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் சூப்பர்வைசர் பாஸ்கர் சார் அப்போதுதான் பைக்கை நிறுத்தினார். "யாரு அடிச்சது?" எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "பழைய விரிசல்னு சொல்லிடும்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்குப் பொய் வராது. "எங்கப்பா சார்." அப்பா என் பக்கம் திரும்பாமல் ஹோஸைச் சுருட்டினார். "பொண்ணு சரியாத்தான் சொல்லிக்கொடுத்துச்சு சார். கைதான் கேக்கல."

புல்

சார் உடனே முடிவு சொல்லவில்லை. வீட்டில் அம்மா சோற்றைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். கடைசியில் சார் அப்பாவைக் கூப்பிட்டபோது நான் குறுக்கே போய் நின்றேன். "சாம்பல் குளத்துக்குத் தண்ணி அடிக்க ஆள் போடுங்க சார். இல்லன்னா நாங்க கழுவுறதே வீண். அது மத்தியானம் அடிக்க வேண்டிய தண்ணி. எங்கப்பாவுக்கு அதுதான் வரும்." சார் சாம்பல் படிந்த தன் பைக் சீட்டைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "பேனல் பக்கம் வரக்கூடாது. குளத்து மேல மண்ணு போட்டுப் புல் விதைக்கப் போறோம். அது பிடிக்கிற வரைக்கும் அடிங்க. அப்புறம் ஆள் தேவைப்படாது."

அப்பா ஒழுங்காகத் தண்ணீர் அடிக்கிறார், புல்லும் ஒழுங்காக முளைக்கிறது. நன்றாக வேலை பார்த்தால் சீக்கிரம் வேலை போகும் என்கிற வேலை எங்கள் வீட்டுக்கென்றே வாய்த்திருக்கிறது.