நாலாக வெட்டிய மாத்திரை

அவர் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். அனகாபுத்தூரில் எங்கள் மருந்துக் கடைக்கு மாதம் ஒருமுறை, தன் அப்பாவின் புராஸ்டேட் வீக்கத்துக்கு டாக்டர் எழுதிய சீட்டோடு வருவார். நான் மாத்திரையை எடுப்பதற்குள் அலமாரிக் கண்ணாடியில் பார்த்து, முன்மண்டை முடியைச் சீப்பால் இழுத்துவிட்டுக் கொள்வார்.

“அப்பாவுக்கு இப்போ தேவலையா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அவரு தவறி வருசமாச்சுக்கா. இதே மாத்திரை முடி கொட்டுறதுக்கும் கேக்குமாம், இது எனக்கு. ஒண்ண நாலா வெட்டிப் போட்டா போதும்னு ஃப்ரெண்டு சொன்னான். எனக்குச் சரியா உடைக்க வராது. பொண்டாட்டிதான் பிளேடால வெட்டித் தருது. மூணாவது மாசம், வாந்தி எடுத்துகினே வெட்டுது, பாவம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கர்ப்பமா இருக்கிறவங்க உடைச்ச மாத்திரையைத் தொடவே கூடாதுங்க! வயித்துல ஆண் குழந்தைன்னா அதோட உறுப்பு வளர்ச்சி பாதிக்கலாம். இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.”

சீப்பு தலையிலேயே நின்றது. அங்கேயே மனைவிக்குப் போன் போட்டார்.

“கைய கழுவு. ஏன்னு கேக்காத, சோப்பு போட்டுக் கழுவு. இன்னொரு வாட்டி கழுவு.”

அந்தப் பழைய சீட்டின் தேதியை ஒருமுறைகூடப் பார்க்காமல் இத்தனை மாதமும் மாத்திரையை எடுத்துக் கொடுத்தது என் கை.