பஸ் மாறும் ஊரில் தேனிலவு

தளவானூர்ப் பாறை எங்கள் முதுகுக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டே வந்தது. நான் முன்னால் நடந்தேன், மனைவி பின்னால். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையை ஒரு கையால் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். புதுச் செருப்பு கடிக்கிறது என்றாள், ஆனால் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை. செடி பிடுங்குகிற பருவம். பட்டுப்புடவையில் வெயிலில் நடக்கிற புதுப்பெண்ணைப் பார்க்க, குனிந்திருந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை நிமிர்ந்தார்கள்.

தளவானூரில் அவள் பிறந்த வீட்டு மறுவீட்டு விருந்திலிருந்து பாதியில் கிளம்பியிருந்தோம். பஸ்ஸுக்கு மெயின் ரோடு வரை போக வேண்டும்.

“பொய் சொல்லிட்டேன்,” என்றாள்.

“தெரியும்.”

“நாளைக்கு காலைல அது நெஜமாயிடணும்.”

எனக்குச் செஞ்சியில் வேலை இருக்கிறது, காலையில் போய்ச் சேர வேண்டும் என்று அவள் தன் அப்பாவிடம் சொல்லியிருந்தாள். எனக்கு எந்த வேலையும் இல்லை. கிடைத்தால் செஞ்சியில் வீடு பிடித்துத் தனியாக இருப்போம். கிடைக்காவிட்டால் மாமனார் வீட்டு மாடியில் வீட்டோடு மாப்பிள்ளை. அவ்வளவுதான் விஷயம்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். லாரி கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, ஓசூரில் கட்டட வேலை என்று சுற்றினேன். பிறகு பல வருஷம் கல்யாணச் சமையல் கோஷ்டியோடு மண்டபம் மண்டபமாகப் போய்ப் பந்தி பரிமாறினேன், இலை எடுத்தேன். பட்டினி கிடந்ததுண்டு, பஸ் ஸ்டாண்டில் படுத்ததுண்டு. அதில் சொல்ல ஒன்றுமில்லை, நிறையப் பேர் படுத்திருந்தோம். கடைசியாகச் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு டிபன் கடையில் இருந்தேன். அவள் அந்த ஊரில் தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இட்லி பார்சல் வாங்கிக்கொண்டு ஓடுவாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டது அவள்தான். கேட்கிறவர்களிடமெல்லாம் இதை நான் சொல்லாமல் விட்டதில்லை.

தேனிலவுக்கு ஊட்டி, பாண்டி என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் செஞ்சி என்றாள். அவளுடைய அத்தை சிரித்தார். “செஞ்சியில பஸ் மாறுவாங்க. ஹனிமூனுக்கா போவாங்க?” ஆனால் அவளுக்குக் காரணம் இருந்தது. படித்த காலத்திலிருந்து அந்த ஊரில் அவள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறாள். பெல் அடிப்பதற்குள் போக வேண்டும், கடைசி பஸ்ஸை விடக்கூடாது. அங்கே ஒரு வாரமாவது எந்த அவசரமும் இல்லாமல் இருந்து பார்க்க ஆசை. டிபன் கடையில் லீவு கேட்டேன். இல்லை என்றார்கள். வேலையை விட்டேன். பஜாரில் ஒரு லாட்ஜில் மாடி அறை எடுத்தோம்.

வெயில் கட்டிலுக்கு வரும்வரை தூங்கினோம். பள்ளிக்கு ஓடுகிற நேரத்தில் அவள் ஜன்னலில் கையை ஊன்றி நின்று, தன் பஸ் ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்புவதைப் பார்ப்பாள். “போ, போ. நான் வரல,” என்று அதனிடம் சொல்லிவிட்டு மறுபடி வந்து படுத்துக்கொள்வாள். மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் பஜாரில் ஒன்றும் வாங்காமல் ஒரு சுற்று. விருந்துக்கு முந்தின நாள் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறினோம். எங்கும் உட்காராமல் ஏறியது அவள். நான் கொய்யாவைக் குரங்கிடம் பறிகொடுத்துவிட்டுப் பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். உச்சியில் நின்று தன் ஊர்ப் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. கீழே இந்தத் தெருவில் வீடு கிடைக்கும், அந்தத் தெருவில் தண்ணீர் வராது என்று கூரை கூரையாகக் காட்டினாள். இறங்கும்போது, நாளைக்கு நைனா வீட்டோடு மாப்பிள்ளைப் பேச்சை எடுப்பார் என்றாள். அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

என் மாமனார் நல்ல மனிதர். ஒரு காணி நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்து, கொத்தனார் வேலை செய்து, கொல்லை வாங்கி, மாடி வீடு கட்டி, ஒரே பெண்ணைப் பட்டம் படிக்க வைத்தவர். மகன் இல்லை. மாப்பிள்ளையை வீட்டோடு வைத்துக் கொல்லையை ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். உறவுக்காரர்கள் முன்னால் விருந்தில் அதைச் சொல்லிவிட இருந்தார்.

கறிக்குழம்பு, கோழி வறுவல், முட்டை. எங்கள் இரண்டு பேரையும் பந்தியின் நடுவில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தார்கள். என் மனைவி மட்டும் எலும்பு கடித்துக்கொண்டிருந்தாள். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். அதோடு போய்க் கை கழுவியிருக்கலாம். பந்தி முடிந்தால் இலை எடுக்க வேண்டும் என்பதுதான் என் கைக்குத் தெரியும். அது என் இலையை எடுத்தது. பக்கத்து இலையை அதன்மேல் வைத்தது. அதற்கடுத்ததையும் வைத்தது. அப்படியே வரிசையின் கடைசிக்குப் போய்விட்டேன். நிமிர்ந்தபோது பந்தலில் பேச்சு நின்றிருந்தது. புது மாப்பிள்ளை தன் இலையையே தொடக்கூடாது. நான் ஊரார் இலையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவளுடைய சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். “இன்னா மாப்ள, பொண்ணு கட்டியாச்சு. இன்னும் பந்தி வேலை முடியலயா?”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமனார் சிரிக்கவில்லை. வந்து என் கையிலிருந்த இலைகளை வாங்கிக்கொண்டார்.

“எங்க நைனா அடுத்தவன் ஊட்டு கல்யாணத்துல எச்ச எலை எடுத்தவரு, மாப்ள. எம் மருமகன் எடுக்கக் கூடாதுன்னுதான் நான் இம்மாம் பாடுபட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவமானமாக இல்லை. “அவரு வேற வழியில்லாம எடுத்தாரு, மாமா. இது நம்ம ஊட்டு எலை. நானா எடுத்தேன்,” என்றேன்.

அவர் இலைகளைக் கூடையில் போட்டுவிட்டு வந்தார். இனிமேல் நான் எவன் வீட்டுக்கும் எடுபிடி வேலைக்குப் போக வேண்டாம், கொல்லை இருக்கிறது, மாடி இருக்கிறது, இங்கேயே இருந்துவிடலாம் என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதுதான் கஷ்டம். தலையாட்டியிருந்தால், நான் செய்த வேலையை மறைப்பதற்காக என்னை மாடியில் வைத்திருப்பது போலாகிவிடும். மறுத்தால் அவர் மனசு உடைந்துவிடும்.

என் மனைவி எலும்பைப் போட்டுவிட்டு எழுந்தாள். தன் இலையை மடித்து, தானே எடுத்துக்கொண்டு போய்க் கூடையில் போட்டாள். கை கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“இவருக்கு செஞ்சியில வேலை இருக்குது, நைனா. காலைல சேரணும். நாங்க கெளம்பறோம்.”

“இன்னா வேலை?”

“சேந்துட்டு சொல்றோம்.”

மெயின் ரோடு வந்ததும் புளியமரத்து நிழலில் நின்றோம். அவள் செருப்பைக் கழற்றிக் குதிகாலைப் பார்த்துக்கொண்டாள். தோல் உரிந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். “எலை எடுக்கறதுல இம்மாம் ஸ்பீடு. லாட்ஜ்ல ஒரு டம்ளர் கழுவ மாட்றீங்க,” என்றாள். பஸ் வரும்வரை இரண்டு பேரும் சிரித்தோம். என் வாழ்க்கையில் நான் நெஞ்சை நிமிர்த்தி நின்ற இடங்களில் அந்தப் புளியமரத்தடியும் ஒன்று.

செஞ்சியில் இறங்கியதும் அவளை அறைக்கு அனுப்பிவிட்டு வேலை கேட்கப் போனேன். உரக்கடையில் ஆள் வேண்டாம் என்றார்கள். டயர் கடையில் தொழில் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியாது. இரும்புக்கடைக்காரர், உன்னைத் தெரியும், எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டுச் சிரித்தார். அது நியாயமான கேள்விதான். பழைய டிபன் கடை வாசலை நான் மிதிக்கவில்லை. விளக்குப் போடுகிற நேரத்தில் ஒரு டீக்கடையில் நின்றபோது, கமிட்டியில் மூட்டை வந்து குவிகிறது, ஏற்றி இறக்க ஆள் போதவில்லை, காலையில் போய்ப் பார் என்றார்கள். விளைந்ததை விவசாயிகள் கொண்டுவந்து ஏலம் விடுகிற விற்பனைக் கூடத்தைத்தான் எங்கள் பக்கம் கமிட்டி என்பார்கள்.

லாட்ஜுக்கு இன்னும் இரண்டு நாள் வாடகை கட்டியிருந்தது. காலையில் நான் சட்டை மாட்டும்போது அவள் போர்வைக்குள்ளிருந்தே பேசினாள். “போயிட்டு வாங்க. நான் தூங்கறேன். யாராவது ஒருத்தர் ஹனிமூன்ல இருக்கணும் இல்ல?”

கமிட்டி வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. ஆட்களைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்த மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். மூட்டை தூக்கியிருக்கிறாயா என்று கேட்டார். ஓசூரில் சிமெண்ட் என்றேன்.

“எந்த ஊரு?”

“செஞ்சி.”

“செஞ்சியில எங்க? பாத்ததே இல்லியே.”

“பஜார்ல. லாட்ஜ்ல.”

“லாட்ஜ்ல இன்னா பண்ற?”

“ஹனிமூன்.”

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மேஸ்திரி சிரித்துச் சிரித்து இருமினார். நான் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டேன். குனி என்றார். இரண்டு பேர் பிடித்து மல்லாட்டை மூட்டையை என் முதுகில் வைத்தார்கள். சிமெண்ட்டை விட லேசாகத்தான் இருந்தது. தராசுப் பக்கம் நடந்தேன்.